சந்தேகத்துக்கு எண் கிடையாது

எழுபத்திரண்டு வயது, ஆண், இரண்டு வருடமாகச் சிறுநீர் மெல்லிய தாரையாகத்தான் போகிறது, முக்க வேண்டியிருக்கிறது, போய்விட்டு வந்த பிறகும் உள்ளே மிச்சம் நிற்பதுபோல் இருக்கிறது என்று கடல் தாண்டி ஏதோ ஓர் ஊரின் டாக்டர் எழுதியிருந்ததை ஜெசிந்தா படித்து முடித்தபோது, குளியலறையில் குழாய் திறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது. அவள் ஒன்றும் மணி பார்த்து வைக்கவில்லை. இந்தக் கோப்பைத் திறந்த நேரம் திரையின் மூலையில் தானாகவே பதிவாகியிருந்தது, பதினொன்று பத்து. மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு அவளுடைய நாற்காலிக்குப் பின்னால் சுவரை ஒட்டி நடந்துபோனதும் அப்போதுதான். இப்போது பதினொன்று இருபது. வாளி எப்போதோ நிறைந்துவிட்டது. நிறையாத வாளியில் விழும் தண்ணீருக்கு ஒரு சத்தம், நிறைந்து வழியும் வாளியில் விழுவதற்கு வேறு சத்தம். முதலாவது குழிக்குள் பேசுவதுபோல இருக்கும், இரண்டாவது தட்டையாக, யாரோ எதையும் கேட்காமல் பேசிக்கொண்டே போவதுபோல இருக்கும். இப்போது தட்டைச் சத்தம். அவள் எண்ணைப் போட்டாள். இங்கிலீஷ் எழுத்து ‘என்’, அதோடு நாற்பது புள்ளி ஒன்று, புராஸ்டேட் வீக்கம், சிறுநீர்த் தொல்லைகளோடு. பிறகு ஒவ்வொரு தொல்லைக்கும் தனித்தனி எண், மெல்லிய தாரைக்கு ஒன்று, முக்குவதற்கு ஒன்று, மிச்சம் நிற்பதுபோல் இருப்பதற்கு ஒன்று, இரவில் எழுவதற்கு ஒன்று. டாக்டர்கள் எழுதும் குறிப்புகளைப் படித்து நோய்க்கு உண்டான எண்ணைக் கண்டுபிடித்துப் போடுவது அவள் வேலை. கம்பெனி சென்னையில், நோயாளிகள் அமெரிக்காவில், அவள் திண்டுக்கல்லில் சாப்பாட்டு மேசையில் இரண்டு திரையோடு காலை ஏழிலிருந்து சாயங்காலம் நான்குவரை. பதினோரு வருடமாகப் பார்க்கிறாள், கடைசி நான்கு வருடம் சிறுநீர்ப் பிரிவு மட்டும். அங்கே எத்தனை கிழவர்கள்! முகம் தெரியாது, குரல் தெரியாது, ஆனால் ஒவ்வொருவரும் இரவில் எத்தனை முறை எழுகிறார், எங்கே அடக்க முடியாமல் போனது, பெண்டாட்டியிடம் சொன்னாரா சொல்லவில்லையா என்பதுவரை அவளுக்குத் தெரியும். பன்னிரண்டடி தள்ளி, கதவுக்கு அந்தப் பக்கம் இருக்கிற சவரிமுத்து மாமாவைப் பற்றி மட்டும் அவளுக்கு ஒன்றும் தெரியக்கூடாது.

தெரியக்கூடாது என்றுதான் அந்தக் குழாயே. போன வருடம், ஈஸ்டருக்கு முந்தின தபசு காலத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஆரம்பித்தார். முதலில் அவள் நினைத்தது, வயதாகிவிட்டது, குழாயை மூட மறந்துவிடுகிறார் என்று. பிறகுதான் புரிந்தது, மறதி இல்லை, மறைப்பு. தன் உடம்பின் சத்தம் மருமகள் காதில் விழக்கூடாது என்று தண்ணீரைப் பேசவிடுகிறார். அதுமட்டுமா, தண்ணீர் விழும் சத்தம் கேட்டால் இவர்களுக்குக் கொஞ்சம் சுலபமாக வரும், அதுவும் எத்தனையோ கோப்புகளில் இருக்கிறது, குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு முயற்சி செய்வதாக நோயாளி சொல்கிறார். நோயாளி சொல்கிறார். அங்கே நோயாளி சொல்கிறார், டாக்டர் எழுதுகிறார், இவள் எண் போடுகிறாள், யாருக்கும் கூச்சமில்லை. இங்கே யார் சொல்வது? மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பத்தொரு வருடம் பி.டி. வாத்தியாராக இருந்தவர். வெள்ளை அரைக்கை பனியனும் வெள்ளை ஷூவுமாக மைதானத்தில் நின்று அவர் விசில் ஊதினால் கடைத்தெருவில் சைக்கிள் பிரேக் பிடிக்கும் என்று அவர் மகன், அவள் புருஷன் அருள்ராஜ் கல்யாணமான புதிதில் சொல்லிச் சிரிப்பான். அறுபத்தெட்டு வயதுவரை மொட்டை மாடியில் தண்டால் எடுத்தார். அந்த உடம்பு இப்போது சுவரை ஒட்டி நடக்கிறது. அத்தை இருந்தவரைக்கும் அத்தை பார்த்துக்கொண்டாள், அத்தை போய் நான்கு வருடம், அருள்ராஜ் மஸ்கட்டுக்குப் போய் ஆறு. மிச்சமிருந்தது இவர்கள் இரண்டு பேர், ஒரு டி.வி., ஞாயிற்றுக்கிழமைப் பூசை. மழை வருமா, குழம்பில் புளி கூடிவிட்டதா, அருள் கூப்பிட்டானா, சாமியார் இன்றைக்கு நீளமாகப் பேசிவிட்டார். இத்தனைதான் இருவருக்கும் நடுவில் போய்வரும் பேச்சு. கழுத்துக்குக் கீழே இருக்கிற எதுவும் அதில் வராது. இருமல் வரும், தும்மல் வரும். முட்டிவலி வரும், ஏனென்றால் முட்டி எப்படியோ கௌரவமான இடமாகிவிட்டது.

பதினொன்று இருபத்தைந்து. அடுத்த கோப்பு. அறுபத்தொன்பது வயது. அவள் படிக்க ஆரம்பித்து, முதல் வரியிலேயே நின்று, மறுபடி முதல் வரிக்கு வந்தாள். கேட்கக்கூடாது, கேட்பது தப்பு. ஒரு மனுஷன் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கும்போது வெளியே ஒரு பெண் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பது அசிங்கம் என்று தன்னைத் தானே அதட்டினாள். அதட்டிக்கொண்டே கேட்டாள். கேட்கலாம், சாதாரணமாக ஒரு வார்த்தை, மாமா ஏதாச்சும் சிரமமா இருக்கா என்று. ஆனால் என்ன சிரமம் என்று அவர் திருப்பிக் கேட்டால்? அந்த இடத்தில் போட அவளிடம் ஒரு வார்த்தை கிடையாது. எத்தனையோ நாள் தேடிப் பார்த்திருக்கிறாள், காய் நறுக்கும்போது, பூசையில் முட்டி போட்டிருக்கும்போதுகூட. ஒண்ணுக்கு என்றால் ஒன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் கேட்பதுபோல ஆகிவிடும். சிறுநீர் என்றால் ஆஸ்பத்திரிச் சுவரில் எழுதியிருப்பதைப் படித்துக் காட்டுவதுபோல இருக்கும். யூரின் என்று சொல்லலாம், இங்கிலீஷில் சொன்னால் யாருடையதோபோல இருக்கும், அதுதான் அதன் வசதி, ஆனால் மாமா முப்பத்தொரு வருடம் பிள்ளைகள் ஒண்ணுக்கு விடுங்க சார், யூரின் சார் என்று கெஞ்சக் கேட்டவர், அவரிடம் போய் அந்த வார்த்தையைச் சொன்னால் அவருடைய மைதானமே வந்து நடுவில் நிற்கும். நூறு எண் தெரியும். வார்த்தை ஒன்றுகூட இல்லை.

திரையின் கீழே சின்னப் பெட்டி ஒன்று எழும்பியது. கீர்த்தனா, சென்னையில் இருக்கிற டீம் லீடர், அவளைவிடப் பத்து வயது சின்னவள். அக்கா, போன புதன்கிழமை கோப்பு தணிக்கையில் ஒண்ணு மாட்டியிருக்கு, நீங்களா இப்படின்னு எனக்கே ஆச்சரியம், டாக்டர் சந்தேகம்னுதானே எழுதியிருக்கார், நீங்க கேன்சர் கோட் போட்டுட்டீங்களே. ஜெசிந்தா அதைப் படித்தாள், சாரி கீர்த்தனா என்று அடித்தாள், கன்னம் சுட்டது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. வெளிநோயாளிக் கோப்பில் டாக்டர் இருக்கலாம் என்று எழுதினால், சந்தேகம் என்று எழுதினால், அந்த நோய்க்கு எண் போடக்கூடாது. தெரிந்த அறிகுறிக்கு மட்டும் போடு. புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனையில் அளவு கூடியிருக்கிறதா, கூடியிருக்கிறது என்று போடு, அதற்கு மேல் போகாதே. சந்தேகத்துக்கு எண் கிடையாது. எவ்வளவு நல்ல விதி! எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்திருக்கிறாள், யோசிச்சுப் பாருங்க, ஒருத்தருக்கு இல்லாத நோயை நம்ம கை எழுதிரக்கூடாது இல்லையா, அது அவரோட ரெகார்டுல காலம்பூரா நிக்கும் என்று. அவளா அதில் தவறினாள்? தவறினாள். எந்த நாள் என்றுகூட ஞாபகம் இருக்கிறது. புதன்கிழமை காலையில் துணி காயப்போட மாடிக்குப் போனபோது கொடியில் மாமாவின் இரண்டு வேட்டியும் ஏற்கெனவே தொங்கின. ஈரம் பிழிந்து, ஓரம் இழுத்துவிட்டு, அவரே துவைத்திருந்தார். ஈஸ்டருக்குப் பிறகு அவர் வேட்டியை அவள் கையில் கொடுப்பதே இல்லை. எனக்கும் உடம்பு வளையணும்ல தாயி என்றார், அவள் சரி மாமா என்றாள். அன்றைக்கு ஒரு வேட்டியில், துவைத்தும் போகாமல், பழைய டீக்கறை நிறத்தில் ஒரு திட்டு இருந்தது. டீயாகவே இருக்கலாம். இருக்கலாம். கீழே இறங்கிவந்து உட்கார்ந்தபோது முதலில் வந்த கோப்பு அது, எழுபத்து மூன்று வயது, சந்தேகம், அவள் கை தானாகப் போய் கேன்சருக்கு உண்டான எண்ணை, சி அறுபத்தொன்று என்று போட்டுவிட்டது. யாரோ அமெரிக்கக் கிழவருக்குப் போட்டதில்லை அது. அதை அவள் கீர்த்தனாவிடம் எப்படிச் சொல்வாள்?

ஏசப்பா, வேண்டாம் என்று நினைத்தாள். நினைத்ததும் அப்பா வந்தார். எப்போதும் இப்படித்தான், பயம் ஒரு கதவைத் திறந்தால் அப்பா அதன் வழியாக வருவார், கைவைத்த பனியன், கழுத்தில் ஜெபமாலை, நெஞ்சைத் தடவிக்கொண்டு. நிலக்கோட்டை வீட்டில் இரண்டு நாளாக வாய்வு வாய்வு என்றார். அவளுக்குப் பத்தொன்பது வயது, பரீட்சைக்குப் படிக்க லீவு. பெருங்காயம் போட்ட மோரை எடுத்துக்கொண்டு அறை வாசலுக்குப் போனாள். அப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தார். தூங்குகிற மனுஷனை எழுப்ப வேண்டாம் என்று மோரை மூடிவைத்துவிட்டு வந்து மறுபடி புத்தகத்தைப் பிரித்தாள். அரை மணி கழித்து அம்மா உள்ளே போனாள். அவ்வளவுதான். நீ எழுப்பியிருந்தாலும் அவர் பிழைத்திருக்கமாட்டார் என்று டாக்டர் சொன்னார், சாமியார் சொன்னார், அருள்ராஜ் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எத்தனையோ முறை சொன்னான். இருக்கலாம். ஆனால் வாசல்வரை போனாள், மரியாதையாகத் திரும்பி வந்தாள், அது மட்டும் நிச்சயம், அதற்குச் சந்தேகம் கிடையாது. பதினொன்று முப்பத்திரண்டு. தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. அவள் போனை எடுத்து அருள்ராஜைக் கூப்பிட்டாள். அவன் சைட்டில் வேலை நேரத்தில் போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும், தெரியும், தெரிந்தும் கூப்பிட்டாள், அடித்து அடித்து நின்றது. பக்கத்து வீட்டு ராயப்பன் சாரைக் கூப்பிடலாமா? அவர் ஆம்பளை. வந்து கதவைத் தட்டி என்ன வாத்தியாரே என்பார். சாயங்காலத்துக்குள் தெருவுக்குத் தெரியும், மாமா அதற்குப் பிறகு பூசைக்குப் போகமாட்டார். வேண்டாம். இன்னும் ஐந்து நிமிடம் பார்ப்போம். அறுபத்தொன்பது வயது, ஆண். என்ன எழுதியிருக்கிறார் இந்த டாக்டர், ஏன் எழுத்தெல்லாம் நகர்கிறது?  தண்ணீர் பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாள்.

பாட்டிலுக்குப் பக்கத்தில், ஊறுகாய் ஜாடியில் சாய்த்து வைத்தபடி, மாத்திரை அட்டை இருந்தது. மஞ்சள் மாத்திரை, சளிக்கு. பத்தில் மூன்று இல்லை. நேற்று மத்தியானம் ஒன்று, நேற்று ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, இன்று காலை இட்லிக்குப் பிறகு ஒன்று. அவர் கேட்கவில்லை. மூன்று நாளாகத் தும்முகிறார், மூக்கைச் சிந்துகிறார், இவள்தான் தெருமுனை மருந்துக்கடையில் வாங்கிவந்து, போடுங்க மாமா, மூக்கு அடைப்பு விட்டுரும் என்று உள்ளங்கையில் வைத்து, டம்ளரில் வெந்நீரும் கொடுத்து, விழுங்குகிறாரா என்று நின்று பார்த்தாள். ஜெசிந்தாவின் கை பாட்டில்மேல் அப்படியே நின்றது. புராஸ்டேட் வீங்கியவருக்குச் சளி மாத்திரை. மூக்கைத் திறக்கும், கீழே அடைக்கும். எத்தனை கோப்பு, நூறா இருநூறா, சளிக்கு மருந்து எடுத்துக்கொண்ட மறுநாள் முற்றிலும் அடைப்பு, அவசரப் பிரிவுக்கு வந்தார், டியூப் போட்டதும் பையில் ஒரு லிட்டர். அதற்குத் தனி எண்கூட உண்டு, மருந்தின் பக்கவிளைவு, அவளுக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும். தெரிந்து என்ன. அட்டையைக் கிழித்த விரல் அதுதான், எண் போடும் விரலும் அதுதான், ஒன்றுக்கொன்று பேசிக்கொள்ளவே இல்லை. அதே நேரம் குழாய் நின்றது. உள்ளேயிருந்து மாமாதான் மூடினார். அப்பாடா என்றது மனம், கதவு திறக்கும், மாமா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வருவார், இவள் திரையைப் பார்ப்பாள். கதவு திறக்கவில்லை.  பிறகு, மிக மெல்லிசாக, பல்லைக் கடித்துக்கொண்டு சொல்வதுபோல, சவேரியாரே, சவேரியாரே என்று கேட்டது.

அவள் எழுந்த வேகத்தில் நாற்காலி சுவரில் மோதியது. கதவுமுன் நின்றாள். பச்சைப் பெயிண்ட் அடித்த தகரக் கதவு, பக்கத்துச் சுவரில் அத்தை ஒட்டிய மாதா படம் ஈரத்தில் உப்பியிருந்தது. கை தூக்கினாள், தட்டினாள், தட்டியாயிற்று, இனி பேச வேண்டும்.

"மாமா."

 கதவுக்குப் பின்னால் மூச்சு நின்றது. தன்னைப்போலவே அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று அவளுக்குப் புரிந்தது.

"மாமா, அடைச்சிருச்சா?"

எங்கிருந்து வந்தது அந்த வார்த்தை? சாக்கடைக்குச் சொல்வது, சிங்க்குக்குச் சொல்வது. சொன்ன பிறகுதான் அவளுக்கே கேட்டது. 

"ஆமா தாயி" என்றது குரல். விசில் ஊதிய குரல் இல்லை அது. "ராத்திரியிலருந்து. ஒரு சொட்டு வரல. வயிறு வெடிச்சிரும்போல இருக்கு."

"கதவத் திறங்க மாமா. ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"அருள் வரட்டும்."

"அவரு மஸ்கட்டுல இருக்காரு மாமா."

"போன் பண்ணிச் சொல்லட்டும், யாரையாச்சும்..."

"யாரும் வேண்டாம். நான் இருக்கேன்ல."

"வேட்டி சரியில்ல தாயி."

"நான் அந்தப் பக்கம் திரும்பிக்கிறேன். வேற வேட்டி கதவுல போடுறேன். நீங்க மெதுவா வாங்க."

அலமாரியிலிருந்து ஒரு வேட்டியை எடுத்துக் கதவுமேல் போட்டுவிட்டுத் திரும்பி நின்றாள். முகத்துக்கு நேரே காலண்டர், ஜூலை மாதம், அதில் ஒரு தேதியைக்கூட அவளால் படிக்க முடியவில்லை. முதுகுக்குப் பின்னால் தாழ்ப்பாள் விலகும் சத்தம், துணி உரசும் சத்தம், பிறகு கனமாக ஒரு மூச்சு. "திரும்பு" என்றார். திரும்பினாள். வேர்வையில் அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது. ஒரு கையால் வயிற்றின் அடியைப் பிடித்திருந்தார், பிள்ளைத்தாய்ச்சி பிடிப்பதுபோல. மரியாதை என்று இத்தனை நாள் அவள் காத்துவந்தது இந்த முகத்தைத்தானா என்று நினைத்தாள், நினைத்துக்கொண்டே கம்ப்யூட்டரை மூடாமல், கீர்த்தனாவுக்கு எமர்ஜென்சி என்று ஒரு வார்த்தை மட்டும் அடித்துவிட்டு, மாத்திரை அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள்.

ஆட்டோவில் ஒவ்வொரு பள்ளமும் அவர் முகத்தில் தெரிந்தது. ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்தார்கள். ஆட்டோக்காரரிடம் அண்ணே மெதுவா, அண்ணே கொஞ்சம் வேகமா என்று இரண்டையும் மாற்றி மாற்றிச் சொன்னாள். மாமா முதலில் கம்பியைப் பிடித்திருந்தார். பழைய பஸ் ஸ்டாண்ட் திருப்பத்தில் ஆட்டோ குலுங்கியபோது கை கம்பியை விட்டு அவள் மணிக்கட்டைப் பிடித்தது. பதினாறு வருடத்தில் அவர் அவளைத் தொட்டது, கல்யாணத்தன்று நெற்றியில் சிலுவை போட்டபோது ஒருமுறை, அத்தையை அடக்கம் செய்த அன்று தலையில் கைவைத்து ஒருமுறை. இப்போது வளையல் கையில் பதியும்படிப் பிடித்தார், வலித்தது, வலிக்கட்டும் என்று அவள் கையை அசைக்காமல் வைத்திருந்தாள். மனம் மட்டும் நிற்கவில்லை, அது தன் பழக்கத்துக்குக் கோப்பு எழுதிக்கொண்டே வந்தது, எழுபத்தொரு வயது, ஆண், ராத்திரியிலிருந்து முழு அடைப்பு, அடிவயிற்று வலி, வேட்டியில் கறை, கறை டீயாக இருக்கலாம், ரத்தமாக இருக்கலாம், சி அறு... இல்லை. அவள் அதை நிறுத்தினாள். தெரிந்ததை மட்டும் எழுது. அடைத்திருக்கிறது. அது தெரியும். வலிக்கிறது. அது தெரியும். கையைப் பிடித்திருக்கிறார். அது தெரியும். ரவுண்ட் ரோட்டில் ஆஸ்பத்திரி போர்டு தெரிகிறவரை இந்த மூன்றையும் ஜெபமாலை மணிபோலத் திரும்பத் திரும்ப உருட்டிக்கொண்டு வந்தாள்.

அவசரப் பிரிவில் இருந்தது ஒரு பெண் டாக்டர், முப்பது வயதுகூட இருக்காது, காதில் சின்னத் தோடு. மாமா அவரைப் பார்த்ததும் கட்டிலில் இன்னும் சுருங்கினார். டாக்டர் வயிற்றில் கை வைத்துப் பார்த்தார், தொப்புள்வரை கல்லுபோல இருக்கே என்று சொல்லி, ஆண் நர்ஸைக் கூப்பிட்டு டியூபுக்கு ரெடி பண்ணச் சொன்னார், பிறகு எழுதுபலகையை எடுத்துக்கொண்டு, "எவ்வளவு நாளா ஐயா இந்தத் தொந்தரவு?" என்றார்.

மாமா மேலே ஓடுகிற மின்விசிறியைப் பார்த்தார்.

"நேத்துதான்."

"அதுக்கு முன்னாடி? தாரை எப்படிப் போகும்? முக்கணுமா?"

"அதெல்லாம் இல்ல."

ஜெசிந்தா டாக்டரின் எழுதுபலகையைப் பார்த்தாள். அவள் தினமும் படிக்கும் குறிப்புகள் எப்படிப் பிறக்கின்றன என்று இதற்குமுன் பார்த்ததில்லை. இப்படித்தான், ஒரு மனுஷன் மின்விசிறியைப் பார்த்துப் பொய் சொல்கிறான், டாக்டர் பொய்யை எழுதுகிறார், பல ஆயிரம் மைலுக்கு அப்பால் ஒருத்தி அந்தப் பொய்க்கு எண் போடுகிறாள்.

"டாக்டர், நான் சொல்லலாமா?" என்றாள். மாமாவைப் பார்க்காமல் சொன்னாள். சொல்லச் சொல்ல வந்தது. ஒன்றரை வருடமாக இருக்கிறது. உள்ளே போனால் முன்பு இரண்டு நிமிடம், இப்போது பதினைந்து. முக்குகிறார். முடித்துவந்து பத்து நிமிடத்தில் மறுபடி போகிறார். பஸ்ஸில் தூரப் பயணம் போவதை விட்டுவிட்டார். சாயங்காலம் ஆறு மணிக்குமேல் தண்ணீர் குடிப்பதில்லை. ராத்திரி நாலு தடவை எழுகிறார். வேட்டியில் ஒருநாள் ஒரு கறை பார்த்தாள், என்ன கறை என்று தெரியாது. அப்புறம் சளி மாத்திரை. கைப்பையிலிருந்து அட்டையை எடுத்து நீட்டினாள். "மூணு போட்டிருக்காரு."

"நானேதான் கடையில வாங்கிப் போட்டேன்" என்றார் மாமா சட்டென்று. குரல் கொஞ்சம் திரும்பியிருந்தது. "அது அவளுக்குத் தெரியாது."

"இல்ல டாக்டர். நான்தான் வாங்கிக் குடுத்தேன். அவரு கேக்கவே இல்ல."

"எழுதாதீங்கம்மா அத" என்றார் மாமா.

"எழுதுங்க டாக்டர். அப்பத்தான் அடுத்த தடவ யாரும் குடுக்கமாட்டாங்க."

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "யாரு குடுத்தான்னு நான் எழுதப்போறதில்ல" என்றார். "மாத்திரை பேரு மட்டும் போதும். ராத்திரி நாலு தடவைன்னு போட்டுக்கவா?"



"ஆறு" என்றார் மாமா. "ரெண்டு தடவ லைட்டு போடாமப் போவேன். அவளுக்கு ஏழு மணிக்கு வேலை. தூக்கம் கெடும்."

ஜெசிந்தா திரைச்சீலைக்கு வெளியே வந்து நின்றாள். உள்ளே நர்ஸ், ஐயா மூச்ச நல்லா இழுத்து விடுங்க என்றான். ஒரு முனகல். இன்னொன்று. அப்புறம் மாமாவின் வாயிலிருந்து வந்த சத்தத்தை அவள் எந்தக் கோப்பிலும் படித்ததில்லை. அது வலியும் இல்லை, அழுகையும் இல்லை, வெகுதூரம் தலையில் சுமந்துவந்த ஒருவன் பாரத்தை இறக்கி வைக்கும்போது விடுகிற சத்தம். ஏசப்பா, ஏசப்பா, ஏசப்பா என்று அவர் சொல்லிக்கொண்டேயிருந்தார். நர்ஸ் உள்ளேயிருந்து ஆயிரத்து நூறு மில்லி, டாக்டர் என்றான். ஜெசிந்தா சுவரில் சாய்ந்தாள், அழுகை வந்தது, முந்தானையால் துடைத்தாள், லைட்டு போடாமல் இருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போகிற மாமாவை நினைத்தாள், அந்த இரண்டு தடவையும் அவள் கணக்கில் விட்டுப்போயிருக்கிறது, தூங்கிவிட்டாள். அவர் கஷ்டப்பட்டு வாங்கிக்கொடுத்த தூக்கம் அது. அதை அவள் தூங்கியிருக்கிறாள்.

பிறகு டாக்டர் கையுறையைக் கழற்றிக்கொண்டே வந்து சொன்னார். தடவிப் பார்த்தேன், புராஸ்டேட் நல்லாவே வீங்கியிருக்கு, ஆனா வழவழன்னுதான் இருக்கு, கட்டி மாதிரி எதுவும் கைக்குத் தெரியல. கட்டி இருக்கான்னு பாக்க இப்ப ரத்தம் எடுத்தா அளவு எப்படியும் கூடித்தான் காட்டும், அதனால பயந்துராதீங்க, ஆறு வாரம் கழிச்சு எடுப்போம். டியூப் பத்து நாள் இருக்கட்டும், மாத்திரை தர்றேன், அப்புறம் எடுத்துட்டுப் பார்ப்போம், வரலைன்னா ஆபரேஷன். ஜெசிந்தா வாயெடுத்தாள், அப்ப அந்தக் கறை டாக்டர், என்று. "இன்னிக்கு வந்ததுல ரத்தம் இல்ல" என்றார் அவர். "மத்தத ஆறு வாரம் கழிச்சுச் சொல்றேன். இன்னிக்குத் தெரிஞ்சதுதான் இன்னிக்குச் சொல்ல முடியும்." சரி டாக்டர் என்றாள். சரி என்று மனமும் சொன்னது, முழுசாக இல்லை, ஆனால் சொன்னது.

உள்ளே மாமா மல்லாந்து படுத்திருந்தார். முகத்தில் ரத்தம் திரும்பியிருந்தது, கண் மூடியிருந்தது. போர்வைக்குக் கீழேயிருந்து குழாய் வந்து, கட்டில் ஓரத்தில் தொங்கிய பையில் முடிந்தது. அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"ஜெசி" என்றார் கண்ணைத் திறக்காமல்.

"மாமா."

"உனக்கு இவ்வளவும் தெரியுமா?"

"தெரியும் மாமா."

"எப்பவோ கேட்டிருக்கலாம்ல?"

அவள் யோசித்தாள். "நீங்க எப்பவோ சொல்லியிருக்கலாம்ல?"

அவர் வயிறு குலுங்கியது. சிரிக்கிறார் என்று தெரிய அவளுக்குக் கொஞ்ச நேரமாயிற்று. வலித்திருக்க வேண்டும், கையை வைத்துப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இவ பேசுறாடி" என்றார், யாரிடமோ, அத்தையிடமாக இருக்கும்.

ஆண் நர்ஸ் வந்தான். பெயர்ப் பட்டையில் முனியாண்டி என்றிருந்தது. பை நிறைந்தால் எப்படிக் காலிசெய்வது, குழாய் மடங்காமல் எப்படிப் பார்த்துக்கொள்வது, எல்லாம் காட்டித்தர வேண்டும் என்றான். அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "வீட்ல ஆம்பளைங்க யாராச்சும் இருந்தா வரச்சொல்லுங்கக்கா, பத்து நாளைக்குப் பாக்கணும்ல" என்றான்.

மாமா ராயப்பன் சார் பெயரைச் சொல்வாரோ, அருள் வரட்டும் என்பாரோ என்று கட்டில் விளிம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாமா கண்ணைத் திறந்தார். கூரையைப் பார்க்கவில்லை, நர்ஸைப் பார்த்தார்.

"ரெண்டு பேருக்கும் காட்டு தம்பி" என்றார். "நான் பாதி மறந்துருவேன். இவ மறக்கமாட்டா."

முனியாண்டி பையைக் கட்டிலிலிருந்து எடுத்தான், "இத எப்பவும் வயித்துக்குக் கீழதான் வச்சுக்கணும், மேல தூக்கக் கூடாது, பிடிங்கக்கா" என்று அவள் கையில் வைத்தான். இந்தப் பைக்கும் குழாய்க்கும் அவள் எத்தனை ஆயிரம் முறை எண் போட்டிருப்பாள், ஒருநாளும் கண்ணால் கண்டதில்லை. இரண்டு கையாலும் தாங்கிக்கொண்டாள், கனமாக இருந்தது, இளமஞ்சளாகத் தெளிந்திருந்தது. அது வெதுவெதுப்பாக இருக்கும் என்று அவளுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.